எல்லைக்கு அப்பால் காவிரிக் குழாய்: பெங்களூரின் புறப்பகுதிவாசிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காவிரி ஐந்தாம் கட்டக் குடிநீர்த் திட்டம் 2024 அக்டோபர் 16 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. அதற்கு அடுத்த ஆண்டு செப்டம்பரில் பெங்களூரு மாநகராட்சி ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிக்கப்பட்டது. இவ்விரண்டுக்கும் பிறகு, அல்சூர், சிவாஜிநகர், காக்ஸ் டவுன் போன்ற பழைய பகுதிகளிலிருந்து நகரின் ஓரத்துக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பங்களும், வேலைக்காக வந்து நேரே ஓரத்திலேயே வீடு வாங்கியவர்களும் “எங்களுக்குக் காவேரி எப்போது வரும்?” என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். எங்கள் குடியிருப்பின் நலச்சங்கத்தில் தண்ணீர்ப் பொறுப்பைச் சில ஆண்டுகளாகக் கவனித்து வருவதால், என்னிடம் வந்த கேள்விகளையும் நான் சொல்லிவந்த பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

பக்கத்துத் தெருவரை காவிரி நீர் வருகிறது. நடுவில் ஒரு சாலைதான். எங்களுக்கு மட்டும் ஏன் இல்லை?

அந்தச் சாலை வெறும் சாலையாக இல்லாமல் ஓர் எல்லைக்கோடாகவும் இருக்கக்கூடும். பெங்களூரு குடிநீர் மற்றும் கழிவுநீர் வாரியம் 1964-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைக்கப்பட்டது. நகரத்துக்கு நீர் வழங்குவதும் கழிவுநீரை அகற்றுவதும் அதன் கடமை. நகருக்கு வெளியே உள்ள கிராமத்துக்கு அதன் பஞ்சாயத்தும், சிறு நகரத்துக்கு அதன் நகராட்சியும் பொறுப்பு. பெங்களூரு நீங்கலாக மாநிலத்தின் மற்ற நகரங்களுக்கான குடிநீர்ப் பணிகளைச் செய்வது வேறொரு வாரியம். எனவே சாலையின் இந்தப் பக்கம் நிற்பவர் ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளராகவும், அந்தப் பக்கம் நிற்பவர் இன்னோர் அமைப்பின் பொறுப்பாகவும் இருப்பது இங்கே சாதாரணம்.

ஆனால் எல்லை என்பது ஒரே கோடு அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மாநகராட்சியின் எல்லை ஒன்று, வாரியத்தின் குழாய்கள் உண்மையில் எட்டும் எல்லை ஒன்று, காவிரியின் படுகை எல்லை ஒன்று என மூன்று கோடுகள் இந்த நகரத்தின் மேல் ஓடுகின்றன. அவை ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. கீழே வரும் கேள்விகளில் பெரும்பாலானவை இவற்றில் ஒன்றை இன்னொன்றாக எண்ணிக்கொள்வதால் பிறப்பவை.

மாநகராட்சியில் சேர்த்துவிட்டால் தண்ணீர் தானாக வந்துவிடும் அல்லவா?

வராது. இதற்கு 110 கிராமங்களின் கதையே போதும். 2007-இல் பழைய மாநகராட்சியுடன் ஏழு நகராட்சிகளும், கெங்கேரி பேரூராட்சியும், சுற்றியிருந்த 110 கிராமங்களும் இணைக்கப்பட்டுப் பெருநகர மாநகராட்சி உருவானது. பொம்மனஹள்ளி, மகாதேவபுரம், கிருஷ்ணராஜபுரம், எலகங்கா போன்ற முன்னாள் நகராட்சிப் பகுதிகளுக்கு முதலில் குழாய்கள் அமைக்கப்பட்டன. பலருக்கு 2012-இல் முடிந்த நான்காம் கட்டத்தின் இரண்டாம் பகுதியோடு நீர் வந்தது. சுமார் 225 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள 110 கிராமங்களோ ஐந்தாம் கட்டத்துக்காகக் காத்திருக்க வைக்கப்பட்டன. சொத்து வரி 2007-க்குப் பின் நகர வரியாகவே கேட்கப்பட்டது. நீர் 2024-இல்தான் புறப்பட்டது. இடையில் பதினேழு ஆண்டுகள். இணைப்புக் கோடு வரைவதற்கு ஓர் அரசாணை போதும், குழாய்க்கு ஆற்றில் நீரும் கையில் கடனும் மேட்டில் தொட்டியும் வேண்டும் என்பதால் இந்த இடைவெளி வருகிறது. ஆயினும் வரியை மட்டும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டது சரியென்று என்னால் சொல்ல முடியவில்லை.

பெரிய காவிரிக் குழாய் எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது. அதிலிருந்து ஒரு கிளை தரக் கூடாதா?

கனகபுரா சாலையை ஒட்டிய ஊர்க்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கேட்பதற்கு அவர்களுக்கு எல்லா உரிமையும் உண்டு. இதற்கு விடை சொல்ல, நீர் வரும் வழியைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

காவிரி நீர் மண்டியா மாவட்டம் மளவள்ளி வட்டத்தில் உள்ள தொரெகாடனஹள்ளியில் சுத்திகரிக்கப்பட்டு, அங்கிருந்து ஹாரோஹள்ளிக்கும், பிறகு தாதகுணிக்கும், அதன் பின் நகருக்குமாக மூன்று முறை பம்பு செய்யப்படுகிறது. தொலைவு ஏறத்தாழ 100 கிலோமீட்டர். ஏற்றம் ஏறத்தாழ 500 மீட்டர். கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் ஒரு பெருநகரம் இருந்துகொண்டு, தாழ்வான பள்ளத்தாக்கில் ஓடும் ஆற்றை நம்பியிருப்பதன் விலை இது. வாரியத்தின் செலவில் மின்கட்டணம் பெரும்பங்கைப் பிடித்துக்கொள்வதும் இதனால்தான்.

இந்த வழியில் உங்கள் ஊரைக் கடந்து செல்லும் பெருங்குழாய் அழுத்தத்தோடு ஓடும் ஏற்றக் குழாய். அதில் வீட்டு இணைப்பு கொடுத்தால் ஒன்று வீட்டுக் குழாய் வெடிக்கும், அல்லது ஏற்றத்தின் அழுத்தம் குலையும். அந்த நீர் முதலில் நகரின் ஒரு தரைமட்ட நீர்த்தேக்கத் தொட்டிக்குப் போய்ச் சேர்ந்து, அங்கிருந்து பகிர்மானக் குழாய்கள் வழியாக, பகுதி பகுதியாக வால்வு திறந்து விடப்பட வேண்டும். அதாவது உங்கள் ஊருக்குத் தேவைப்படுவது ஒரு கிளை அல்ல. ஒரு தொட்டி, அதற்கு ஒரு நிலம், பகிர்மானக் குழாய்கள், வால்வு திறக்க ஓர் ஆள், கணக்கெடுக்க ஒரு மீட்டர் ஆகியவை எல்லாம். வாசலில் ஆறு போக, வீட்டில் டேங்கர் நிற்கும் அவலம் இதனால் நியாயமாகிவிடாது. அது ஏன் நடக்கிறது என்பது மட்டும் விளங்கும்.

ஐந்தாம் கட்டத்தில் எவ்வளவு நீர் வருகிறது? எல்லோருக்கும் போதுமா?

நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர். அதற்கு முன்பு நான்கு கட்டங்களிலும் சேர்த்து வந்தது நாளொன்றுக்குச் சுமார் 145 கோடி லிட்டர். முதற்கட்டம் 1974-இல் தொடங்கியது என்பதை நினைத்தால், அரை நூற்றாண்டில் சேர்ந்ததன் பாதிக்கும் மேல் ஒரே திட்டத்தில் கூடியிருக்கிறது என்பது விளங்கும். ஜப்பான் பன்னாட்டுக் கூட்டுறவு முகமையின் கடனுதவியோடு செய்யப்பட்ட இத்திட்டம் 110 கிராமங்களுக்கென்றே ஒதுக்கப்பட்டது. அவற்றுக்கும் வெளியே உள்ளவர்கள் இதன் கணக்கில் இல்லை. வெளியூர்க்காரர் இணைப்புக் கேட்கும்போது தயக்கம் வருவதற்கு முதற்காரணம் குழாயின் நீளம் அல்ல, இந்தக் கணக்கே.

கிரேட்டர் பெங்களூரு ஆணையம் வந்த பிறகு எல்லை மாறவில்லையா?

இந்த ஆணையத்துக்கு அடிப்படையான 2024-ஆம் ஆண்டின் கிரேட்டர் பெங்களூரு ஆட்சிமுறைச் சட்டம் 2025 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. செப்டம்பரில் மத்திய, கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு என ஐந்து மாநகராட்சிகள் செயல்படத் தொடங்கின. தொடக்கத்தில் இவை பழைய மாநகராட்சிப் பரப்பையே பங்கிட்டுக்கொண்டன. நீர் வாரியம் ஐந்தாகப் பிரிக்கப்படவில்லை. ஆகவே உங்கள் மாநகராட்சியின் பெயர் மாறியிருக்கலாம்; குழாயின் கதை மாறவில்லை.

நாங்கள் கிராமப் பஞ்சாயத்தில் இருக்கிறோம். எங்கள் தண்ணீருக்கு யார் பொறுப்பு?

பஞ்சாயத்து. 2019-இல் தொடங்கப்பட்ட ஜல் ஜீவன் இயக்கம் ஊரக வீடுகளுக்கு ஆளொன்றுக்கு நாள்தோறும் 55 லிட்டர் குழாய்நீர் என்பதை அளவாகக் கொண்டது. கர்நாடகத்தில் இது ‘மனெ மனெகெ கங்கெ’ என்ற பெயரில் அறியப்படுகிறது. நகர்ப்புறத் திட்டமிடலிலோ 135 லிட்டர் என்பது வழக்கமான அளவு. கோட்டின் ஒரு புறம் 55, மறுபுறம் 135. சர்ஜாபுரத்தையோ சந்தாபுரத்தையோ சுற்றியுள்ள அடுக்குமாடிகளில் வாழ்பவரின் குளியலறை நகரத்தாருடையதைப் போலத்தான் இருக்கிறது. அவருக்கு எழுதப்பட்ட அளவு மட்டும் கிராமத்தாருடையது. பஞ்சாயத்தின் நீராதாரமும் பெரும்பாலும் ஆழ்துளைக் கிணறுகளே என்பதால், ஆயிரம் வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்பு எழும்போது பஞ்சாயத்தால் அதற்கு நீர் தர இயலாது. கட்டுபவரும் அதை எதிர்பார்ப்பதில்லை. கிணறும் டேங்கரும்தான் திட்டம் என்பதை விற்பனைச் சிற்றேட்டில் யாரும் அச்சிடுவதில்லை, அவ்வளவே.

முழுச் செலவையும் நாங்களே ஏற்றுக் குழாய் போட்டுக்கொள்கிறோம் என்றால்?

எல்லைக்குள், பிரதான பகிர்மானக் குழாய்க்குச் சற்றுத் தொலைவில் இருப்பவர்களுக்கு இது பயன் தரும் வழி. விண்ணப்பதாரர் செலவுத் தொகையைக் கட்ட, வாரியத்தின் மேற்பார்வையில் குழாய் நீட்டப்படும். போட்ட பின் குழாய் வாரியத்துக்கே உரியது. எல்லைக்கு வெளியே என்றால் பணம் இரண்டாவது கேள்வி. அந்தப் பகுதிக்கு நீர் வழங்க அரசின் ஒப்புதல் இருக்கிறதா, உள்ளூர் அமைப்பு சம்மதிக்கிறதா, சேர்க்கப்படும் நீரை எந்த ஒதுக்கீட்டிலிருந்து எடுப்பது என்பவை முதலில் தீர வேண்டும்.

கூடவே, கழிவுநீரை மறந்துவிடக் கூடாது. வாரியத்தின் பெயரிலேயே ‘கழிவுநீர்’ இருக்கிறது. ஒரு வீட்டுக்குத் தரப்படும் 100 லிட்டரில் ஏறத்தாழ 80 லிட்டர் கழிவுநீராகத் திரும்பும் என்பதே பொறியாளர்கள் கொள்ளும் கணக்கு. பாதாளச் சாக்கடை இல்லாத பகுதிக்குக் குழாய்நீரை மட்டும் கொண்டுசென்றால் அது அடுத்த ஏரியில் போய் நிற்கும். பெள்ளந்தூர், வர்த்தூர் ஏரிகள் நுரைத்ததைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நீர் கேட்டு மனுக் கொடுப்பவர்கள் சாக்கடையையும் அதே மனுவில் கேட்பது நல்லது, பெரும்பாலோர் கேட்பதில்லை.

எல்லைக்குள் இருக்கும் உறவினர் வீட்டிலிருந்து குழாய் இழுத்துக்கொள்ளலாமா?

கூடாது. இணைப்பு குறிப்பிட்ட கட்டடத்துக்கு, அதற்குரிய ஆர்.ஆர். எண்ணோடு, அதாவது இணைப்பு எண்ணோடு, தரப்படுவது. பிடிபட்டால் துண்டிக்கப்படுவது உறவினரின் இணைப்பு.

எல்லைக்குள் இருக்கிறோம், தெருவில் குழாயும் இருக்கிறது. இணைப்புப் பெற என்ன வேண்டும்?

காத்தா (மாநகராட்சியின் சொத்துப் பதிவுச் சான்று), நடப்பு ஆண்டின் சொத்து வரி ரசீது, கட்டட வரைபட அனுமதி, மழைநீர் சேகரிப்பு அமைப்பு ஆகியவை அடிப்படை. மழைநீர் சேகரிப்பு 2009 முதல் கட்டாயம். புதிய கட்டடமானால் 30-க்கு 40 அடி மனைக்கும், பழைய கட்டடமானால் 40-க்கு 60 அடி மனைக்கும் மேற்பட்டவை இதற்குள் வரும். குடியேற்றச் சான்று, அதாவது இங்கு எல்லோரும் ஓ.சி. என்று சொல்வது, முன்பு பலரால் கண்டுகொள்ளப்படாமல் இருந்தது. கட்டட நிறைவுச் சான்று அல்லது குடியேற்றச் சான்று பெற்ற பின்னரே மின்சாரம், குடிநீர், கழிவுநீர் இணைப்புகள் தரப்பட வேண்டும் என்று 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கூறிய பிறகு நிலைமை இறுகியது. சிறு மனைகளில் கட்டியவர்களுக்கு மாநில அரசு பின்னர் தளர்வு அளித்தது. உங்கள் கட்டடம் எந்த வகையில் வருகிறது என்பதைக் கோட்ட அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பணம் இரண்டு வகைப்படும். குழாய் வலையமைப்புக்கான பயனாளர் பங்குத்தொகை ஒன்று. அடுக்குமாடிகளுக்குக் கட்டடப் பரப்பின்படி கணக்கிடப்படும் விகிதாசாரக் கட்டணம் மற்றொன்று. ‘புரோ ரேட்டா’ என்று எல்லா நலச்சங்கக் கூட்டங்களிலும் சண்டை மூட்டும் தொகை இதுதான். ஐந்தாம் கட்ட நீர் வந்து சேர்ந்த பின்பும் பல அடுக்குமாடிகள் இணைப்புக்கு விண்ணப்பிக்காமல் இருந்ததற்கும், வாரியம் வீடு தேடிப் போய் அழைக்க வேண்டி வந்ததற்கும், தவணை முறை அறிவிக்கப்பட்டதற்கும் இக்கட்டணமே பெருங்காரணம். பதினேழு ஆண்டு நீருக்கு ஏங்கியவர்கள் நீர் வந்ததும் விலை பேசினார்கள் என்று கேலி செய்வது எளிது. ஆனால் அந்தப் பதினேழு ஆண்டுகளில் அவர்கள் கிணறு தோண்டவும், மென்னீராக்கும் எந்திரம் வாங்கவும், டேங்கருக்கும் செலவழித்துத் தீர்ந்துபோயிருந்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

எல்லைக்கு வெளியே இருப்பவரிடம் கூடுதல் கட்டணம் கேட்பது நியாயமா?

ஓரளவுக்கு நியாயம். உள்ளே இருப்பவர்கள் பல தலைமுறைகளாகக் கட்டிய வரியிலும், அவர்கள் பெயரில் வாங்கிய கடனிலும்தான் சுத்திகரிப்பு நிலையமும் பம்பு நிலையமும் உருவாயின. புதிதாகச் சேர்பவர் அந்த முதலீட்டில் தம் பங்கை ஒருமுறை செலுத்துவது முறையே. எதை ஏற்க முடியாதென்றால், பங்கை வாங்கிக்கொண்ட பிறகும் மாதந்தோறும் வேறு விலை விதிப்பதையும், வாரம் ஒருமுறை மட்டுமே நீர் விடுவதையும். கட்டணம் உயர்ந்தால் சேவையும் அதே அளவுக்கு எழுதித் தரப்பட வேண்டும்.

இந்தக் கூடுதல் நீர் தமிழ்நாட்டின் பங்கிலிருந்து எடுக்கப்படுகிறதா?

தமிழர்களாகிய நாம் இக்கேள்வியைத் தணிந்த குரலில் கேட்டுக்கொள்கிறோம். ஏடுகளில் உள்ளதை அப்படியே சொல்வதே நல்லது. 2007-இல் காவிரி நடுவர் மன்றம் தமிழ்நாட்டுக்கு 419 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி) என்று தீர்ப்பளித்தது, உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16 அன்று அதை 404.25 டி.எம்.சி. ஆக்கியது. மாநில எல்லையில் நீரை அளக்கும் இடமான பிலிகுண்டுலுவில் கர்நாடகம் திறந்துவிட வேண்டிய அளவு 192-இலிருந்து 177.25 டி.எம்.சி. ஆயிற்று. குறைந்த 14.75 டி.எம்.சி.யில் 10 டி.எம்.சி. தமிழ்நாட்டின் நிலத்தடி நீரைக் கணக்கில் கொண்டு குறைக்கப்பட்டது, மீதி 4.75 டி.எம்.சி. பெங்களூரின் குடிநீருக்காக.

இந்த 4.75-க்குப் பின்னால் இருந்ததும் ஓர் எல்லைத் தகராறுதான். பெங்களூரின் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே காவிரிப் படுகைக்குள் இருப்பதால் அந்தப் பங்குக்கு மட்டுமே நீர் கணக்கிடலாம், அதிலும் பாதியை நிலத்தடி நீர் ஈடுசெய்யும் என்று நடுவர் மன்றம் கருதியது. குடிநீர்த் தேவைக்கு நகரம் முழுவதையும் ஒன்றாகவே பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. படுகைக்கோட்டை நகரக்கோடு வென்ற தருணம் என்று அதைச் சொல்லலாம்.

77.5 கோடி லிட்டரை ஓராண்டுக்குப் பெருக்கினால் ஏறத்தாழ 10 டி.எம்.சி. வரும். இது 4.75-ஐ விட அதிகமாயிற்றே என்று சிலர் திடுக்கிடுவதுண்டு. நடுவர் மன்றத்தின் முறையில் குடிநீருக்காக எடுக்கப்படுவதில் 20 விழுக்காடு மட்டுமே தீர்ந்துபோகும் நீராகவும், மற்றது கழிவுநீராக ஆற்றுக்குத் திரும்புவதாகவும் கொள்ளப்படுகிறது. அந்தக் கணக்கில் 10 டி.எம்.சி. எடுத்தால் 2 டி.எம்.சி. மட்டுமே தீர்ந்ததாகும். நகரின் மேற்குப் பகுதிக்கு இது பொருந்தும்: விருஷபாவதி வழியாக அர்க்காவதிக்கும், அங்கிருந்து காவிரிக்கும் கழிவுநீர் போகிறது. கிழக்கே ஒயிட்பீல்டிலும் மகாதேவபுரத்திலும் பயன்பட்ட காவிரி நீரோ வர்த்தூர் ஏரி வழியாகத் தென்பெண்ணைக்குப் போய் ஓசூருக்கு அருகே கெலவரப்பள்ளி அணையில் சேர்கிறது. ஒரு பகுதி சுத்திகரிக்கப்பட்டு 2018 முதல் கோலார் ஏரிகளுக்கு அனுப்பப்படுகிறது. ஆற்றுக்குத் திரும்புவதாக எழுதப்பட்ட நீரின் ஒரு பகுதி வேறோர் ஆற்றுக்குப் போகிறது என்பது என் கணிப்பில் இந்த விவாதத்தில் போதிய அளவு பேசப்படாத செய்தி.

எங்களிடம் நல்ல ஆழ்துளைக் கிணறு இருக்கிறது. பிறகு ஏன் இணைப்பு?

2024 மார்ச்சில் நகரமே தவித்தபோது “நல்ல கிணறு” என்று சொன்னவர்கள்தான் முதலில் டேங்கருக்கு ஓடினார்கள். காவிரிக் குழாய் உள்ள பழைய பகுதிகள் அந்தக் கோடையைச் சிரமத்தோடு கடந்தன; ஓரப் பகுதிகளில் கிணறுகள் வறண்டன. கிணற்றைக் கைவிட வேண்டாம், அதை மட்டும் நம்பியிருக்கவும் வேண்டாம்.

டேங்கர் விலைக்கும் குழாய் விலைக்கும் எவ்வளவு வித்தியாசம்?

2024 மார்ச்சில் மாவட்ட நிர்வாகம் விதித்த உச்சவரம்பின்படி, ஐந்து கிலோமீட்டருக்குள் 12,000 லிட்டர் டேங்கர் 1,000 ரூபாய். அதாவது ஆயிரம் லிட்டருக்கு 83 ரூபாய் சொச்சம். அந்த ஆண்டில் வீட்டு இணைப்புக்கு முதல் 8,000 லிட்டர் வரை வாரியத்தின் விலை ஆயிரம் லிட்டருக்கு 7 ரூபாய். 2014-க்குப் பிறகு முதன்முறையாக 2025 ஏப்ரலில் இவ்விலை உயர்த்தப்பட்டபோது எழுந்த கூச்சலைக் கேட்ட ஓரப்பகுதிவாசிகள் சிரித்துக்கொண்டார்கள்.

புறப்பகுதியில் வீடு வாங்கப் போகிறேன். எதைப் பார்க்க வேண்டும்?

விளம்பரத்தில் உள்ள “காவிரி நீர் வசதி” என்ற சொற்களுக்குப் பொருள் என்ன என்று எழுத்தில் கேளுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் அந்தச் சொற்களை நம்பிக் கையெழுத்திட்டது; குடிபோன பின்னர்தான், கட்டுநர் சொன்ன வசதி என்பது கீழ்த்தளச் சம்ப்பில் (நிலத்தடி நீர்த்தொட்டியில்) ஒரு காலிக் குழாய் முனை என்று தெரிந்தது. வருங்காலத்தில் நீர் வந்தால் இணைத்துக்கொள்வதற்காம். ஆகவே அந்த மனையின் சர்வே எண் எந்த மாநகராட்சியில் அல்லது பஞ்சாயத்தில் வருகிறது, அருகில் உள்ள தரைமட்டத் தொட்டி எது, தெருவில் பகிர்மானக் குழாய் இருந்தால் வாரத்தில் எத்தனை நாள் எத்தனை மணி நேரம் நீர் வருகிறது, புரோ ரேட்டா கட்டணத்தைக் கட்டியது யார் என்பவற்றுக்குத் தனித்தனியே விடை பெறுங்கள். பக்கத்துக் குடியிருப்பின் வாட்டர்மேனிடம் பத்து நிமிடம் பேசினால் பாதி விடை கிடைத்துவிடும்.

இவ்வளவு தொல்லைக்கு ஓசூரிலேயே வாங்கிவிடலாமா?

ஓசூருக்கும் காவிரி நீர்தான். தமிழ்நாட்டு அரசின் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டு, கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களுக்கு நீர் தருகிறது. அதற்கும் ஜப்பானியக் கடனுதவியே. அத்திப்பள்ளியிலிருந்து சில கிலோமீட்டர் தெற்கே போனால் மாநில எல்லையோடு திட்டமும் மாறிவிடும். அங்கும் இதே கேள்விகளைக் கேட்க வேண்டியிருக்கும். கேட்க வேண்டிய அலுவலகம் மட்டும் வேறு.